இல்லத்து மரமும் இல்லறத்தார் விரதமும்

அறங்கள் பலவற்றுள்ளும் கொல்லாமையைத் தலையாயதாகக் கொண்டது நம் சமயம். உண்பதிலும் உடுப்பதிலும் தொழில் புரிவதிலும் அவ்வறத்தைக் காக்கும் முறையை நம் ஆசாரியர்கள் விரிவாக அருளிச் சென்றுள்ளனர். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். கதிரவன் மறையுமுன் உண்கின்றோம். கிழங்கு வகைகளை விலக்குகின்றோம். ஆயினும் வாயிலில் நிற்கும் முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்த்தாலோ, தென்னங்குருத்தை வண்டு துளைத்தாலோ, என்ன செய்வது என்னும் வினாவிற்குப் பல இல்லங்களில் தெளிவான விடை இல்லை. ஒருவர் தீப்பந்தம் தேடுகின்றார்; மற்றொருவர் கண்ணை மூடிக்கொள்கின்றார். இவ்விரண்டிற்கும் இடையே சிராவகர் செல்லத்தக்க வழி ஒன்று உண்டா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

புதுச்சேரி நகரில் நெல்லித்தோப்பு என்னும் பகுதி உள்ளது. பெயரில் தோப்பு நிற்கின்றது. மண்ணில் வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. இருப்பினும் மதிற்சுவருக்கும் வாயிற்படிக்கும் இடைப்பட்ட சிறு நிலத்தில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு வேம்பு, இடமிருந்தால் ஒரு மாவோ கொய்யாவோ வளர்ப்பது இன்றும் இல்லறத்தார் வழக்கம். விழுக்கம், வீடூர், பெருமண்டூர் போன்ற ஊர்களில் உழவைத் தொழிலாகக் கொண்ட நம் குடும்பங்கள் பிழைப்பை நாடி நகரங்களுக்குப் பெயர்ந்தபோதும், மரம் வளர்க்கும் பழக்கத்தை விட்டுவிடவில்லை. ஆதலின் இவ்வினா உழவருக்கு மட்டும் உரியதன்று; நகரத்து இல்லங்களுக்கும் உரியது.

எவ்வுயிரின் பக்கம் நிற்பது?

மரம் ஓரறிவுயிர். அதனை அரிக்கும் வண்டும் அதன் சாற்றை உறிஞ்சும் ஈயும் நாலறிவுயிர்கள். ஓரறிவுயிரைக் காக்க நாலறிவுயிரைக் கொல்வது நம் நெறிப்படி தலைகீழான செயல். இல்லறத்தார் ஏற்கும் அஹிம்சை அணுவிரதமோ, ஈரறிவு முதலாக உள்ள இயங்குயிர்களை எண்ணித் துணிந்து கொல்வதை முற்றும் விலக்குகின்றது. நிலையுயிர்களுக்கு நேரும் துன்பத்தைத் தேவையளவிற்குக் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றது. இந்த ஒரு வரையறையே நமக்குப் பெரிதும் வழிகாட்டுகின்றது. கிளையா, அதில் மொய்க்கும் புழுக்கூட்டமா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால், இழக்க வேண்டியது கிளையே என்பது அதனால் பெறப்படும்.

ஹிம்சையை நால்வகையாகப் பகுப்பர் பெரியோர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பம். சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்யோகம். தாக்க வருவதைத் தடுக்கையில் நேர்வது விரோதம். முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை சுருக்க வேண்டும். ஆதிபகவன் அருளிய ஆறு தொழில்களுள் உழவும் ஒன்றாதலால், உழவில் தவிர்க்கவியலாது நேரும் உயிர்க்கேடு உத்யோகத்தின்பாற் படும். ஆனால் வீட்டு முற்றத்தில் நான்கு மரம் வைத்திருப்பவர் தம் செயலுக்கு இச்சலுகையைக் கோர முடியுமா? அவர் வாழ்வு அம்மரத்தை நம்பியிருக்கவில்லை. பூச்சியைக் கொல்வதற்கென்றே ஆக்கிய நஞ்சை, அது மடிய வேண்டும் என்னும் எண்ணத்தோடே தெளிக்கும்போது, அச்செயல் சங்கல்பத்திற்கு மிக அருகில் சென்றுவிடுகின்றது. இதை மழுப்பாமல் ஏற்றுக்கொள்வதே நேர்மை.

இனி மறுபுறம் பேசுவோரும் உளர். "மரத்தின் வினை மரத்திற்கு, வண்டின் வினை வண்டிற்கு. நாம் ஏன் குறுக்கிட வேண்டும்?" என்பர் அவர். கேட்பதற்கு இது பற்றற்ற நிலை போலத் தோன்றும். ஆனால் அம்மரத்தைத் தன் இன்பத்திற்காக நட்டவர் யார்? அதன் வேரைச் சிமெண்டால் மூடியவர் யார்? எருக்குழியைத் திறந்துவைத்து வண்டுக்குப் பிறப்பிடம் அமைத்துக் கொடுத்தவர் யார்? முன்பே குறுக்கிட்டுவிட்டு, பொறுப்பு வரும் வேளையில் மட்டும் விலகி நிற்பது நடுவுநிலைமை ஆகாது. அது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில் இவ்விழிப்பின்மையையே அடிப்படையாக வைத்துள்ளது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அறிதலே முதல் அறம்

விழிப்பின்மை ஹிம்சைக்கு வேராயின், விழிப்போடு நோக்கி அறிதல் அஹிம்சைக்கு வேராகும். மரநோய் பற்றிய அறிவு வேளாண் துறையினருக்கே உரியது என்று நாம் ஒதுக்கிவிடுதல் கூடாது. அறியாமையினால் செய்யப்படும் கொலைகள் பல என்பதை எடுத்துக்காட்டுகளால் உணரலாம்.

முதலாவதாக, நோய் எனத் தோன்றுவன பல நோயே அல்ல. வேம்பு மாசி, பங்குனித் திங்களில் இலையுதிர்ப்பது அதன் இயல்பு. தென்னையின் அடிமட்டை பழுத்துத் தொங்குவது முதுமை. கடலை அடுத்த நிலங்களில் இலை நுனி கருகுவதற்கு உவர்நீர் காரணமாக இருக்கலாம். இளமட்டைகள் முழுவதும் விரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் போரான் என்னும் நுண்சத்தின் குறையைக் காட்டும். இவற்றில் எங்கும் கொல்லுதற்குரிய பூச்சி என ஒன்றில்லை. ஆயினும் மருந்துக் கடைக்குச் சென்று "இலை பழுக்கிறது" என்று கூறினால், ஏதோ ஒரு பூச்சிக்கொல்லி கைக்கு வந்துவிடுகின்றது. குற்றமற்ற உயிர்கள் மடிகின்றன. மரத்தின் குறையோ அப்படியே நிற்கின்றது.

இரண்டாவதாக, மரத்தில் காணப்படும் உயிர்கள் எல்லாம் மரத்திற்குப் பகை அல்ல. அடிமரத்தில் மண்பூச்சு எழுப்பும் கறையான் பெரும்பாலும் பட்டுப்போன மேற்பட்டையையே உண்கின்றது. மாவிலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, இலை தின்னும் புழுக்களை அண்டவிடாமல் காக்கின்றது. இவற்றை அறியாதவர் காவலனையே கொன்றுவிட்டுக் கள்வனுக்கு வழிதிறந்து விடுகின்றார்.

மூன்றாவதாக, உண்மையான நோயிலும் மரம் தானே மீளும் இடங்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டில் தெலங்கானா மாநிலத்தில் வேப்ப மரங்கள் ஆயிரக்கணக்கில் நுனி கருகி நின்றன. ஒருவகைப் பூஞ்சணமும், சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசுவும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. மரம் பட்டுவிட்டது என்றே கண்டவர் பலரும் அஞ்சினர். அடுத்த துளிர்ப் பருவத்தில் அவற்றுள் மிகப்பல மீண்டும் தழைத்தன. நுனி கருகியதைக் கண்ட அன்றே கோடரி எடுத்தவர், பொறுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மரத்தையும் அதில் கூடு கட்டிய பறவைகளையும் இழந்திருப்பார்.

தென்னையில் ஒரு பாடம்

2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, சில ஆண்டுகளில் தென்னாட்டுக் கடற்கரை முழுவதும் பரவிற்று. இது அயல்நாட்டிலிருந்து வந்த பூச்சி. ஓலையின் அடிப்புறத்தில் வெண்மெழுகு பூசிச் சுருள் சுருளாக முட்டையிடும்; சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவைச் சொரியும். அக்கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலையும் சுவரும் கீழே நிற்கும் செடிகளும் கரிபூசியது போல் ஆகும். பார்ப்பவர் மனம் பதறுவது இயல்பே.

ஆனால் வேளாண் அறிஞர்கள் இங்கே என்ன கூறினர் என்பது நம் கவனத்திற்குரியது. இரசாயன நஞ்சைத் தெளிக்க வேண்டா என்பதே அவர்கள் அறிவுரை. வெள்ளை ஈயோடு கூடவே என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவியும் தோப்புகளில் பெருகியிருந்தது. அது வெள்ளை ஈயின் இளம்பருவத்தில் ஒட்டுண்ணியாக வாழ்ந்து அதன் பெருக்கத்தை மட்டுப்படுத்துகின்றது. நஞ்சு தெளித்த தோப்புகளில் குளவி முதலில் மடிய, ஈ மீண்டும் பெருகிற்று. நன்கு நீரும் எருவும் பெற்ற தென்னை வெள்ளை ஈயினால் பொதுவாக மடிவதில்லை. கரும்பூசணத்தை நீக்க, 1 லிட்டர் நீருக்கு 10 முதல் 25 கிராம் வரை மைதா சேர்த்துக் காய்ச்சிய நீர்த்த கஞ்சியைத் தெளித்தால், அது காய்ந்து ஏடாக உரியும்போது கரியும் உடன் உதிர்ந்துவிடும்.

அறநெறி கூறும் பொறுமையும் அறிவியல் கூறும் பொறுமையும் இங்கே ஒன்றாயின. எல்லா இடத்திலும் இவ்வாறு ஒன்றும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஓலையின் அடிப்புறத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துப் பூச்சியை இனங்கண்டவருக்கு மட்டுமே இப்பொறுமை கைகூடும் என்பது தெளிவு. பார்க்காதவருக்குப் பதற்றமே மிஞ்சும்.

பிறப்பிடம் அமைக்காமை

நம் இல்லத்துப் பெண்மக்கள் துவரையையும் உளுந்தையும் வெயிலில் காயவைத்து, ஈரம் போக்கிப் பானையில் இடுவர். வண்டு பிறந்தபின் அதை அகற்றும் பாவத்திற்கு ஆளாகாமல், அது பிறவாதபடி காக்கும் அறிவு இது. இவ்வறிவையே முற்றத்து மரத்திற்கும் நாம் விரித்துக்கொள்ள வேண்டும்.

தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு மரத்தில் பிறப்பதில்லை. மக்கிய எருக்குழியிலும் அழுகிய மரக்கட்டையிலும் பிறக்கின்றது. விரிந்த ஓலை விசிறி போல் வெட்டுப்பட்டுக் காணப்பட்டால் அவ்வண்டு வந்து சென்றது என்று அறியலாம். அப்போது கம்பிக் கொக்கியை எடுத்துக் குருத்தில் குத்தி வண்டை இழுப்பது ஊர் வழக்கம். அது ஐயமற்ற சங்கல்ப ஹிம்சை. அதற்கு மாறாக, வீட்டருகே குப்பையைக் குவித்து மக்கவிடாமல் இருப்பதும், பட்ட தென்னையின் அடிக்கட்டையைக் கிடக்கவிடாமல் அகற்றுவதும், ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்குத் தூளுடன் இரு பங்கு மணல் கலந்து குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் இடுவதும் வண்டை அணுகவிடாமல் தடுக்கும். அது வேறிடம் செல்லும். நம் கையில் மடியாது.

முருங்கையின் கம்பளிப்பூச்சி மழைக்காலத்தை ஒட்டி வருவது. பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். துணிப்பந்தத்தை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி அக்கூட்டத்தை எரிப்பதைப் பல தெருக்களில் இன்றும் காணலாம். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான உயிர்கள் துடித்துக் கருகுகின்றன. சிராவகர் இல்லத்தில் இது நிகழவே கூடாது. முருங்கை வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். அறுவடை முடிந்ததும் தாழக் கவாத்து செய்து வைத்தால், முட்டையும் இளம்புழுவும் உள்ள கொம்பைத் தொடக்கத்திலேயே கண்டு, அக்கொம்போடு அறுத்துச் சென்று ஆளில்லா வெளியில் விடலாம். கூட்டமாகிவிட்ட பின்னும், கையையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, மெல்லிய துடைப்பத்தால் முறத்தில் தள்ளி அகற்றலாம். சென்ற இடத்தில் அவை யாவும் பிழைக்கும் என்று உறுதி கூற முடியாது. எனினும் எரிப்பவன் நெஞ்சமும் அகற்றுபவன் நெஞ்சமும் ஒன்றல்ல. வினைப்பிணிப்பு நெஞ்சத்தின் வழியதன்றோ!

ஐந்து குற்றங்கள்

அஹிம்சை விரதத்தைப் பழுதாக்கும் ஐந்து அதிசாரங்களைச் சிராவகாசார நூல்கள் எடுத்துரைக்கின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவிற்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை விலங்குகளை நோக்கிக் கூறப்பட்டவை. ஆயினும் இவற்றை மரத்தின்பால் வைத்து எண்ணிப் பார்த்தால், மரநோய்களுக்கு வாயில் திறப்பவை பெரும்பாலும் இவையே என்பது விளங்கும்.

துணி உலர்த்தும் கம்பியை அடிமரத்தில் இறுகக் கட்டுகின்றோம். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கிச் சாறு செல்லும் வழியை அடைக்கின்றது. விளம்பரப் பலகைக்கு ஆணி அடிக்கப்படுகின்றது. அப்புண்ணின் வழியே பூஞ்சணம் புகுகின்றது. மின்கம்பியில் படுகின்றது என்று கிளைகளைத் தாறுமாறாக ஒடிக்கின்றோம்; ஒடிந்த முனை அழுகுகின்றது. கட்டட மணலையும் செங்கல்லையும் வேரின்மேல் குவிக்கின்றோம். ஈற்றில் அடிமரம் வரை சிமெண்டுத் தளம் பரப்பி, மழைநீரும் காற்றும் வேருக்குச் செல்லாமல் தடுக்கின்றோம். இவ்வாறு மெலிந்த மரத்தையே பூச்சி நாடுகின்றது.

இதற்குத் தென்னையின் சிவப்புக் கூன்வண்டு தக்க சான்று. அது பெரும்பாலும் மரத்தின் புண்ணைத் தேடி வந்தே முட்டையிடும். ஏறுவதற்காகப் படி வெட்டிய அடிமரமும், பச்சை மட்டையை அடியோடு வெட்டிய முனையும் அதற்கு அழைப்பு. பச்சை மட்டையை வெட்டவே நேர்ந்தால் அடியிலிருந்து 4 அடி விட்டு வெட்ட வேண்டும் என்பது வேளாண் துறையினர் அறிவுரை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வந்த 'தானே' புயலும், 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வந்த 'ஃபெஞ்சல்' புயலும் புதுச்சேரியின் மரங்களைப் பெரிதும் வருத்தின. அத்தகைய காலங்களில் முறிந்த கிளையைச் சீராக அறுத்துப் புண்ணை மூடுவதே பின்வரும் நோய்க்கு அணை.

புண்ணிற்கு இடும் போர்டோ பசைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு நாட்டின் போர்டோ நகரை அடுத்த ஊர்களில், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பூசி வைப்பர். அக்கொடிகள் மட்டும் பூஞ்சண நோயால் இலையுதிராமல் நின்றதை மில்லார்டே என்னும் அறிஞர் நோக்கி அறிந்து, 1885ஆம் ஆண்டில் அக்கலவையை உலகிற்கு அறிவித்தார். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் என்னும் அளவில் ஆக்குவது பசை. இரும்புக் கலத்தில் கலக்கலாகாது. பூஞ்சணமும் உயிர்த்தொகுதியே ஆதலின் இதுவும் முற்றும் குற்றமற்றதன்று. ஆனால் அது நிலையுயிர். புண்பட்ட இடத்தில் மட்டும் அளவோடு பூசுவது இல்லறத்தார் வரையறைக்குள் அடங்கும்.

இயற்கை மருந்து, பிற உயிரின் துணை

"நாங்கள் இரசாயனம் தொடுவதில்லை, வேப்பெண்ணெய்தான்" என்று மனநிறைவோடு கூறுவோர் உளர். மண்ணிற்கும் மாந்தர்க்கும் அது நன்மையே. ஆனால் வேப்பெண்ணெய் பூச்சியின் பசியைக் கெடுப்பதோடு, இளம்புழு தோலுரித்து வளர்வதையும் தடுத்து மடியச் செய்கின்றது. மஞ்சள் நிற ஒட்டும் அட்டையும் எவ்வுயிர் என்று பாராமல் பிடித்துக் கொல்கின்றது. இயற்கையானது என்பதாலேயே ஒன்று கொல்லாமை ஆகிவிடாது. மெல்லிய வேப்பநெடியால் வராமல் விலக்குவது வேறு. வந்து மொய்த்தபின் நனையத் தெளித்து மடியச் செய்வது வேறு.

இன்னும் நுண்ணிய வினா ஒன்றுண்டு. 2008ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளி, மல்பெரி முதலிய பயிர்களையும் அழித்தது. 2010ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள மத்திய நிறுவனத்தின் வாயிலாக, போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டனர். அவற்றுள் ஒன்று மாவுப்பூச்சியை விரைவில் அடக்கியது. பெருமளவு நஞ்சு தெளிப்பது நின்றது. இதை நாம் அஹிம்சை எனலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது ஆகமம். குளவியை விலைக்கு வாங்கி விடுவது செய்வித்தலே. ஆனால் தானே வந்த குளவியைக் கெடுக்காமல் விடுவது செய்வித்தல் ஆகாது. நாடு முழுவதற்கும் பொறுப்புடையோர் பெருங்கேட்டைத் தவிர்க்கச் சிறுகேட்டை ஏற்றனர். அதை நாம் பழிக்கவில்லை. ஒரு பப்பாளி மரத்தை முற்றத்தில் வைத்தவருக்கு அவ்வளவு தேவை இல்லை. அம்மரத்தை நீக்கிவிட்டு வேறொன்று நடுவது அவருக்கு எளிது.

தூய விடை இல்லாத இடம்

எவ்வளவு விழிப்பாக இருப்பினும் ஒரு நாள் கூன்வண்டு மரத்தினுள் புகுந்துவிடலாம். அடிமரத்தில் துளையும், செந்நிறச் சாறும், சக்கை போன்ற நாரும் காணப்படும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே கொறிக்கும் ஓசை கேட்கும். அப்படியே விட்டால் கொண்டை சாய்ந்து தெருவில் செல்வோர்மேல் விழக்கூடும்; உள்ளிருந்து வெளிவரும் வண்டுகள் அயலார் மரங்களுக்குச் செல்லும்; அவர்கள் நஞ்சை நாடுவர். வெட்டினால் உள்ளிருக்கும் புழுக்கள் மடியும். இங்கே குற்றமற்ற வழி ஒன்றும் இல்லை.

இத்தகைய இடத்தில் மாந்தர் உயிருக்கு வரும் ஊறு கருதி மரத்தை வீழ்த்துவது இல்லறத்தாருக்குத் தவிர்க்கவியலாததாகின்றது. அது விரோதத்தின்பாற் படும் என்று ஒருவாறு அமைதி கூறலாம். ஆயினும் அதை அறம் என்று பெயர் மாற்றிக்கொள்ளக் கூடாது. வருத்தத்தோடு செய்து, பிரதிக்கிரமணத்தில் நினைந்து, எப்புண்ணின் வழியே அது புகுந்தது என்று ஆராய்ந்து, அடுத்த மரத்தில் அப்புண் நேராமல் காப்பதே உண்மையான கழுவாய். குற்றத்தைக் குற்றம் என்று அறிந்து செய்பவன் நாளை குறைவாகச் செய்வான். குற்றமே இல்லை என்று எண்ணுபவன் நாளை மிகுதியாகச் செய்வான்.

ஈற்றில் நம் பற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மரம் மடியும் நிலையில் மருந்து தேடுவோர் சிலரே. காய் சிறுத்தது, இலையில் புள்ளி விழுந்தது, சுவரில் கரி படிந்தது என்பதற்காக நஞ்சு தேடுவோரே பலர். இது மரத்தின் நோயன்று. பரிக்கிரகம் என்னும் நம் நோய். கொய்யாவில் பத்துக் காயை அணிலும் புழுவும் கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுக்கும் இல்லத்தில் பாதி மருந்துக்குத் தேவையே இராது.

ஆகவே அன்பர்கள் திங்களுக்கு ஒருமுறையேனும் தம் இல்லத்து மரத்தை அடி முதல் குருத்து வரை நின்று நோக்குவார்களாக. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கக் குழந்தைகளுக்குக் கற்பிப்பார்களாக. ஐயம் எழுந்தால் கடைக்குச் செல்லுமுன் இலையையோ பட்டையையோ எடுத்துக்கொண்டு, புதுச்சேரியில் உள்ளோர் குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், பிற ஊரினர் தத்தம் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி, இது என்ன உயிர், இதைக் கொல்லாமல் விலக்க வழி உண்டா என்று கேட்பார்களாக. நீரை வடிகட்டும் கை எத்துணை விழிப்போடு இயங்குகின்றதோ, அத்துணை விழிப்போடு மரத்தையும் நோக்கினால், அக்கையில் தீப்பந்தம் ஏறாது.

கொல்லா நெறி ஓங்குக!